பதமாக்கி ஓய்ந்த காலை

தொலைபேசிக்குள் ஆட்கள் அழுகிறார்கள் என்று புகார் வந்திருந்தது.

வேதவல்லி அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தாள். அலுவலகங்களில் இணையப்பேசி பழுதுபார்க்கிறவளுக்கு வருகிற புகார்கள் வேறு மாதிரி இருக்கும். குரல் விட்டுவிட்டு வருகிறது, எதிரொலிக்கிறது, கருவி செத்துவிட்டது, இப்படி. அழுகை இதுவரை வந்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவிநாசி சாலையில் இருந்த அந்த மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

உள்ளே இழவு வீடு போலிருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அன்றுதான் திறந்திருந்தார்கள். ஒவ்வொரு இணையப்பேசிக்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அழைப்புகளை எடுக்கிற இளம்பிள்ளைகள் காதில் மாட்டியிருந்த காதுப்பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர்கள் வெளியே வரவில்லை.

"எங்க பிள்ளைக காதுல ரத்தம் வராத குறைதானுங்க," என்றார் மேலாளர் ஆதிமூலம். "என்னையே ஒருத்தன் 'நாசமாப் போயிருவே'ன்னு சொல்லிப்போட்டான். இந்த மிஷினுக்கு என்னமோ ஆயிருச்சு."

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் கேட்டது மனிதக் குரலை. அதைக் கேட்டு அவர்களுக்கு வருஷக்கணக்கில் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இப்போது எல்லா அலுவலகங்களிலும் பதமாக்கி இருக்கிறது. வாடிக்கையாளர்களின் வசவைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்து ஊழியர்கள் வேலையை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது வந்த கண்டுபிடிப்பு. எந்த அழைப்பும் முதலில் வழங்கி என்கிற மையக் கணினிக்குப் போகும். அங்கே பதமாக்கி குரலிலிருந்து கோபத்தையும் அழுகையையும் வழித்தெடுத்து, கடுஞ்சொல்லை நீக்கி நல்ல சொல்லை வைத்து, அதே ஆளின் குரலிலேயே பேசி அனுப்பும். "உங்க வீடு விளங்குமா" என்று ஒருவன் கத்தினால் "கொஞ்சம் வருத்தமா இருக்குங்க" என்று வந்து சேரும். இந்தப் பக்கமிருந்து "முடியாது" என்று எரிந்து விழுந்தால் "பரிசீலிக்கிறோம்" என்று கனிவாகப் போகும். இரு தரப்புக்கும் திருப்தி. சண்டை என்பதே ஒழிந்தது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள்.

வழங்கியோடு தொடர்பு அறுந்தால் மட்டும், இணையப்பேசி தனக்குள்ளிருக்கும் சிம்முக்கு மாறிக்கொள்ளும். அப்போது வருவது வெறும் குரல்.

வேதவல்லி முதலில் ஒரு பேசியைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தாள். 'வழங்கி இல்லை' என்றே திரை சொன்னது. பக்கத்து மேசையிலும் அதே கதை. ஒரு பேசி சொதப்பினால் பேசியில் கோளாறு. மாடி மொத்தமும் சொதப்பினால் கோளாறு வேறெங்கோ. எல்லாக் கம்பிகளும் கூடுகிற இணைப்புப் பெட்டி எங்கே என்று கேட்டாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரியைக் காட்டினார்கள்.

திறந்ததுமே தெரிந்துவிட்டது. பெட்டியின் விளக்குகள் அத்தனையும் வெறி பிடித்தாற்போல் மின்னிக்கொண்டிருந்தன. பெட்டி பளபளவென்று துடைக்கப்பட்டுப் பொட்டு வைக்கப்பட்டிருந்தது. பூஜைக்குச் சுத்தம் செய்த யாரோ, ஒரு கம்பியின் முனை தொங்குவதைப் பார்த்து, அழகாக இருக்கட்டுமென்று காலியாயிருந்த துளையில் சொருகியிருக்கிறார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. போன செய்தி வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. ஒரு முனையை உருவினால் போதும், சரியாகிவிடும். அவள் கையை வைத்தாள்.

"அக்கா, ப்ளீஸ், இப்ப வேண்டாம்!"

ஓடிவந்தவள் யாழினி. இந்த அலுவலகத்தில் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு வருகிற அழைப்புகளை எடுக்கிறவள். பதமாக்கி வந்தபிறகு வேலைக்குச் சேர்ந்தவள், அதனால் முகம் வெளிறிப் போயிருந்தாள்.

"லைன்ல ஒருத்தர் இருக்காரு. பேரு செல்லமுத்து, பவானிக்காரர். ஈரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரில அவர் சம்சாரம் கிடக்குது. கொடல்ல அடைப்பாம். இன்னிக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா வெடிச்சிருமாம். நாம ஒப்புதல் குடுக்காம அவங்க தொட மாட்டாங்களாம்." அவள் மூச்சு வாங்கினாள். "லீவுக்கு முன்னாடியே கூப்பிட்டாரு அக்கா. நான்தான் எடுத்தேன். 'கொஞ்சம் கவலையா இருக்குங்க, முடிஞ்சப்பப் பாருங்க'ன்னாரு. குரலைக் கேட்டுத்தானே நாங்க அவசரமா இல்லையான்னு கலர் வெக்கறோம்? அவசரமில்லைன்னு பச்சை வெச்சேன். மறுபடி கூப்பிட்டாரு. மறுபடியும் பச்சை."

வேதவல்லி அவளுடைய மேசைக்குப் போய்க் காதுப்பூட்டை வாங்கிக் காதில் வைத்தாள்.

"எத்தன நாளா கதறிட்டிருக்கறேன், உங்களுக்கு காது செவிடாங்க? எம்பட பொண்டாட்டி சாகறாங்க! உங்க காலுல உழுகறேன், ஒரு வார்த்த சொல்லுங்க!"

இப்படியொரு குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று வேதவல்லிக்கு ஞாபகம் வரவில்லை. இவளும்தான் எத்தனையோ இடங்களில் பதமாக்கி சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"ஒப்புதல் யாரு குடுக்கணும்?"

"சென்னைல தலைமை ஆபீஸ் டாக்டர். அவர் ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்."

"பேசு. நான் பெட்டியைத் தொடலை."

ஆதிமூலம் வந்து நின்றார். "எப்ப சரியாகும் மேடம்?"

"பார்த்திட்டிருக்கேன் சார். பெரிய கோளாறு," என்றாள் வேதவல்லி, கண்ணை நிமிர்த்தாமல்.

செல்லமுத்துவை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு யாழினி சென்னைக்குப் போட்டாள். ஒலிபெருக்கியில் இருவரும் கேட்டார்கள்.

"சார், ஈரோடு கேஸ், ரொம்ப அவசரம் சார், அந்த அம்மா செத்துப்போயிரும்!"

"நல்லதும்மா," என்றார் டாக்டர், நிதானமாக. "வரிசைப்படி நாளைக்குப் பார்த்துடறேன்."

"நாளைக்கு இல்ல சார், இப்ப! நான் அழுதிட்டிருக்கேன், உங்களுக்குக் கேக்கலையா?"

"எவ்வளவு பொறுமையாப் பேசறீங்க. உங்களை மாதிரி எல்லாரும் இருந்துட்டா எனக்கு வேலையே சுலபம்மா."

யாழினி வேதவல்லியைப் பார்த்தாள். வேதவல்லிக்குப் புரிந்துவிட்டது. அறுந்தது இந்த மாடியின் தொடர்பு மட்டும்தான். சென்னையின் பேசிகள் ஒழுங்காக வழங்கியோடு இருந்தன. யாழினியின் அலறல் அங்கே போய்ப் பதமாகித்தான் இறங்குகிறது. காதுப்பூட்டைப் பிடுங்கி வேதவல்லியே கத்தினாள். ஒரு உயிர் போகிறது, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டாள். வாழ்நாளில் யாரையும் அவள் அப்படிப் பேசியதில்லை.

"உங்க அக்கறைக்கு நன்றிம்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் வைத்துவிட்டார்.

அவள் திரும்பியபோது ஆதிமூலம் அலமாரி முன்னால் குனிந்திருந்தார். அந்தக் கம்பியின் முனையை அவர் கை பிடித்திருந்தது.

"இதையா இவ்வளவு நேரம் பாத்திட்டிருந்தீங்க? நான் சொருகினதுதானுங்க இது. தொங்கிட்டிருந்துச்சு, பூஜைக்குப் பாக்க நல்லால்லைன்னு."

"சார், உருவாதீங்க!"

உருவிவிட்டார். விளக்குகள் அடங்கி ஒழுங்காக மின்னின. மாடி முழுக்க இணையப்பேசிகள் ஒவ்வொன்றாக வழங்கியைக் கண்டுபிடித்து, நடந்துகொண்டிருந்த அழைப்புகளையும் அதற்கே மாற்றிக்கொண்டு, மெல்ல மணியடித்தன. "அப்பாடா," என்றது யாரோ ஒரு பிள்ளை. கழிப்பறைக் கதவு திறந்தது. வேதவல்லி போய் விஷயத்தைச் சொல்லி, கம்பியை மறுபடி சொருகச் சொல்லிக் கேட்டாள், கெஞ்சினாள். "அதுக்காக இத்தன பேரும் அழோணுமாங்க?" என்று ஆதிமூலம் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கெட்டவரில்லை. தன் பிள்ளைகள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

யாழினி தன் மேசைக்கு ஓடினாள். செல்லமுத்து இன்னும் லைனில் இருந்தார். அழைக்கிறவரின் எண்ணை ஊழியருக்குக் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. இந்த அழைப்பு போனால் அவரும் போனார்.

"அண்ணா, நல்லாக் கேளுங்க. இங்க இன்னிக்கு ஒண்ணும் நடக்காது. எங்களை நம்பி இருக்காதீங்க. இப்பவே ஒரு வண்டியைப் பிடிச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, அங்க உடனே பாப்பாங்க. கெளம்புங்கண்ணா, சீக்கிரம் கெளம்புங்க!"

தொண்டை கிழிய அதையே மூன்று முறை சொன்னாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரொம்ப சந்தோஷமுங்க மேடம்," என்றது செல்லமுத்துவின் குரல், இதமாக. "நீங்க சொன்னபடியே இங்கயே காத்திருக்கறோமுங்க."