தும்பை நிலைத்திருக்கும்

காலைச் செய்தியில் மழை நிலவரம் முடிந்ததும் முன்கணிப்பாளர் மெர்லினின் குரல் வரும். "வணிக சர்வர்களின் இன்றைய முன்கணிப்பு. வாகை இயங்குதளம் ஏறுமுகம். தும்பை இறங்குமுகம்." திருநெல்வேலி டீக்கடைக்காரருக்குக்கூட இந்த இரண்டு பெயர்களும் அத்துப்படி. கடை, வங்கி, பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே ஏதோ ஒரு சர்வரை நம்பித்தான் நடக்கின்றன.

சந்தையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன இயங்குதளத்தை வலையிலிருந்து துண்டித்துவிட வேண்டும் என்பது சட்டம். பராமரிக்க ஆளில்லாத தளத்தில் திருடர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்று பயந்து கொண்டுவந்தது. கூத்து என்னவென்றால், பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. முன்கணிப்பைக் கேட்டதுமே தாமாக வேறு தளத்துக்கு மூட்டை கட்டிவிடும். தானியங்கிக் குடிபெயர்வு என்று அதற்குப் பெயர். மெர்லின் விழும் என்றால் விழுந்தே தீரும். அதனால் முன்கணிப்பாளர்கள் வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவர்கள் போனில் பேசுவதையும் கணிப்பு நிலையத்தின் இயந்திரம் ஒட்டுக்கேட்கும். ஒரு வார்த்தை நழுவினாலும் அந்த நொடியே திருத்தக் கணிப்பு வெளியாகிவிடும்.

மெர்லினின் கணவன் ஜெபசிங்கின் நெஞ்சுக்குள் ஒரு சுவாசக் கருவி இருந்தது. ஆஸ்பத்திரியின் சர்வர் சொல்லச் சொல்ல அது அவனை மூச்சுவிட வைத்தது. அந்தச் சர்வர் ஓடியது தும்பையில். வாகைக்கு மாற அறுவை சிகிச்சை செய்து கருவியையே மாற்ற வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை தேதி கிடைத்திருந்தது.

புதன்கிழமைக் கணிப்பைப் பார்த்ததும் மெர்லின் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள். இதை அப்படியே வாசித்தால் வெள்ளிக்கிழமை தும்பை துண்டிக்கப்படும்.

இத்தனை வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றியதில்லை. மைக்கைத் திறந்தாள். "தும்பை நிலைத்திருக்கும்," என்றாள். "யாரும் அவசரப்படத் தேவையில்லை."

வெளியே வந்ததும் உடன் வேலைபார்க்கும் ராஜகனி வழிமறித்தார். "என்ன மேடம், நேத்து வரைக்கும் சரிஞ்சிக்கிட்டே வந்துது. இன்னைக்கு எப்படி நிமிந்துது?"

"சந்தைதானே சார். மாறும்."

"பெரிய கம்பெனியெல்லாம் நீங்க சொன்னதக் கேட்டு நிக்கும். சின்னக் கடைக்காரன் நிக்க மாட்டான், ஒவ்வொருத்தனாப் போய்க்கிட்டேதான் இருக்கான். மிஞ்சிப் போனா இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

ஒரு வாரம் போதும் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை தாண்டினால் போதும், பிறகு வேலை போனாலும் போகட்டும்.

மத்தியானம் ஜெபசிங் போன் செய்தான். குரலில் ஒரே உற்சாகம்.

"ஏளா, காலைல நீ வாசிச்சதக் கேட்டேன். அப்பதான் நெஞ்சுல இருந்த பாரமே எறங்கிச்சு. பெறவு ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாவ. என்னைய மாதிரியே கருவி வச்சிருக்க கைப்பிள்ளக்காரி ஒருத்திக்குத் தேதியே கெடைக்கலையாம், பயந்து அழுதுக்கிட்டு இருக்காளாம். என் தேதியக் குடுத்துட்டேன்."

மெர்லின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உங்களுக்கு?"

"எனக்கு அடுத்த மாசம். தும்பைதான் நிலைச்சிருக்கும்லா, பின்ன என்ன அவசரம்?"

"திரும்ப வாங்க முடியாதா?"

"கையெழுத்துப் போட்டாச்சே. அவளும் வந்து அட்மிட் ஆயிட்டா. ஏன், அந்தக் கணிப்பு சரிதானே?"

இல்லை என்று சொன்னால் இந்த நொடியே சர்வர்கள் கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமை தும்பையோடு அவன் மூச்சும் நின்றுபோகும். ஆமாம் என்றால் ராஜகனி சொன்ன அந்த ஒரு வாரமாவது மிஞ்சும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக்கூட இயந்திரம் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னளா, பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். "சரிதான்."

"அதான பாத்தேன். நீ சொல்லி என்னைக்குத் தப்பிருக்கு?" என்று சிரித்துவிட்டு அவன் போனை வைத்தான்.