கலங்கலுக்கு மேலே ஓர் அடி

ஐப்பசி மழை ஆவடி பஸ் ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தலை நனைந்தால் நனையட்டும் என்று கம்ப்யூட்டர் பிளாப்பி டப்பாவை மட்டும் முந்தானையில் பொத்திக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸை நோக்கி ஓடினாள் கஸ்தூரி. படியில் கால் வைக்கும்போது ஒரு தோள் இடித்தது... டப்பா கீழே... எட்டு பிளாப்பியும் ஈரத் தரையில்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதுங்க. உங்களையே பாத்துக்கினு வந்தேனா... அதான் இடிச்சிட்டேன்."

என்ன திமிர்! ஆனால் அவன் அதற்குள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். குடையை விரித்தான். அவளுக்கு அல்ல, டப்பாவுக்கு.

"அப்போ நான் நனையலாமா?"

"நீங்க காய்ஞ்சிடுவீங்க. இது காயுமான்னு எனக்குத் தெரியாதே."

வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினாள். திட்டு வாங்கும்போதும் சிரிக்கிற கண்கள் அவனுக்கு. பெரிய, கறுத்த, மழைத்துளி தங்கிய இமைகள்... சே, இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பெயர்கூடக் கேட்காமல் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சென்னீர்குப்பம் பஞ்சாயத்துக் கூடத்தில் பார்த்தால், முதல் வரிசையில் அதே வெள்ளைச் சட்டை. முழுக்கச் சேறு!

பெயர் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஏரிக்குக் கீழே இருக்கும் நாற்பது வீட்டுத் தெருவின் சார்பாக வந்திருந்தான். ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி, அவன் தெருவை ஒட்டிய கால்வாய் வழியாகத்தான் கூவத்துக்குப் போகும். மதகை எப்போது திறப்பது என்று ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் மேலூர்க்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வருஷா வருஷம் அடிதடி. அதைத் தீர்க்கத்தான் கஸ்தூரியின் ஆராய்ச்சி நிலையம் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்திருந்தது. ஆற்றுப் படுகை முழுவதும் திரையில் தெரியும். எத்தனை சென்டிமீட்டர் மழை என்று தட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று காட்டும். எல்லோரும் ஒரே திரையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். இரண்டு வருஷ உழைப்பு அது.

பன்னிரண்டு சென்டிமீட்டர் தட்டினாள். ஏரி நிறைந்து, கலங்கலில் மெதுவாக வழிந்தது. தெரு பத்திரம்.

"தப்புங்க," என்றான் கஜபதி. "கலங்கலு ஒரு அடி கம்மியா கீது உங்க கணக்குல."

"ரெஜிஸ்டர்ல இருக்கிற உயரம் இது. நீங்க சொல்றது எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?"

அவன் பதில் சொல்ல எழுந்தான். பக்கத்தில் அதிகாரிகள்... எதிரே மேலூர்ப் பெரியவர் வேம்புலி. மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"தெரியாம பேசக் கூடாது," என்றாள் எல்லோர் முன்னாலும். அந்தச் சிரிக்கிற கண்கள் சட்டென்று அணைந்ததைப் பார்த்தாள். அவன் எழுந்து போய்விட்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏரிக்குப் போனாள். கலங்கல் சுவரின் மேல் நெடுகிலும் மணல் மூட்டைகள். சரியாக ஓர் அடி. மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தபடி அங்கே நின்றிருந்தான் கஜபதி.

"தீபாவளி கழிஞ்சா மேலூர்க்காரங்க அடுக்குவாங்க, கூட ஒரு போகத்துக்குத் தண்ணி வேணும்னு. சட்டப்படி குத்தம். ஆபிசருங்க முன்னாடி சொன்னா கேசு ஆயிடும். என் அக்கா புஷ்பா அந்த ஊர் மருமவ. வேம்புலி எங்க மாமா."

"இது ஒடஞ்சா?"

"மொத்தமா வரும். எங்கம்மா படுத்துக்கிற இடத்துக்கு."

"என்னை மன்னிச்சிடுங்க..." என்றாள். அவ்வளவு லேசாக அந்த வார்த்தை தன்னிடமிருந்து வரும் என்று அவளே நினைத்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் அவள் மூட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை. கலங்கல் உயரத்தைத் திரையில் காலியாக விட்டாள்.

"நிஜ உயரம் என்னவோ, அதை யார் வேணா வந்து தட்டலாம். யார் போட்டாங்கன்னு இது எழுதி வைக்காது," என்று சொல்லிவிட்டு, அதிகாரிகளை டீ குடிக்க வெளியே அழைத்துப் போனாள்.

அவள் மட்டும் முதலில் திரும்பி வந்தபோது எல்லோரும் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். திரையில் நாற்பது வீடும் வெள்ளத்தில் மூழ்கிச் சிவப்பாகக் கிடந்தன. வேம்புலி விரலைக் கீ போர்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "எங்க கன்னியம்மா... கஜபதியோட அம்மா ஊடு எதும்மா?" என்று கேட்டார். கஸ்தூரி காட்டினாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் மூட்டைகள் இறங்கிவிட்டன. மதகைத் திறக்கும் நாளை இரண்டு ஊரும் சேர்ந்தே குறித்தார்கள். நாலாம் நாள் பதினான்கு சென்டிமீட்டர் கொட்டியது. கலங்கலில் தண்ணீர் பதமாக வழிந்து, கால்வாயோடு போய்விட்டது.

மழை விட்ட சாயங்காலம் கஸ்தூரி அந்தத் தெருவுக்குப் போனாள். கஜபதியின் அம்மா கன்னியம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இரும்மா, நாங்க மறக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். வாசலில் இருவர் மட்டும்.

"தேங்க்ஸ் மேடம்," என்றான் அவன் தரையைப் பார்த்து. "எங்க மாமாவையும் காட்டிக் குடுக்கல, எங்க தெருவையும் கைவுடல."

"நன்றி நான்தான் சொல்லணும்." நேராக அவனைப் பார்த்தாள். விடாமல் சொன்னாள். "என் கணக்கு தப்புன்னு முகத்துக்கு நேரா சொன்ன முதல் ஆள் நீங்க. அவமானப்படுத்தினேன்... ஆனாலும் உண்மையைச் சொன்னீங்க. எனக்கு... கடைசி வரைக்கும் அப்படிச் சொல்ல ஓர் ஆள் பக்கத்துல வேணும். நீங்க வேணும்."

சொல்லிவிட்டாள். காது சுட்டது. ஓடிவிடலாமா என்று இருந்தது.

அவன் நிமிர்ந்தான். கண்கள் நிரம்பியிருந்தன.

"நீங்கதான் வேணும்னு அம்மாகிட்ட போன வாரமே சொல்லிட்டேன்," என்றான். "உங்ககிட்ட சொல்லத்தான்... தைரியம் வர்ல."