ஆடு ஜெயித்தால்

மகள் இசைவாணி இறந்து நாற்பத்தோராம் நாள் காலையில், சிவகாசி அச்சாபீஸில் ராத்திரி வேலை முடித்து ஆமத்தூர் வந்து இறங்கிய முனியராஜ், சட்டையைக் கழற்றிக் கொடியில் போடப் பின்வாசலுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஆணியால் கீறியிருந்த ஆடுபுலிக் கட்டத்தில் ஒரு புலி இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

பூனை தட்டியிருக்கும் என்று நினைத்தார். பூனை தட்டினால் கல் உருளும். கோடும் கோடும் சேருகிற முனையில் அவ்வளவு சரியாகப் போய் நிற்காது. சுற்றி ஆடுகளாக இருந்த புளியங்கொட்டைகளில் ஒன்றுகூட அசையவில்லை. விடிகிற வெளிச்சத்தில் அந்தக் கருங்கல் சில்லு, இப்போதுதான் யாரோ விரலை எடுத்தது போல லேசாக ஈரம் பூத்திருந்தது.

அந்த ஆட்டம் அப்பனுக்கும் மகளுக்கும் மட்டும் உள்ளது. அவள் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்குக் காலையில் வேன் ஏறுவாள். அவர் சாயங்காலம் பஸ் ஏறுவார். ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவர் ஒரு ஆட்டை நகர்த்திவிட்டுப் போவார். காலையில் அவள் ஒரு புலியை. பந்தயமும் உண்டு. ஆடுகள் மூன்று புலிகளையும் அசைய விடாமல் அடைத்துவிட்டால், அவள் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். புலி ஜெயித்தால் அவர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"மொதல்ல ஜெயிங்க, பெறகு பேசுங்க" என்பாள்.

ஆட்டம் பாதியில் நின்றது. முந்தின நாள் கலந்த வெடிமருந்து மிச்சம் கிடந்தது. மிச்ச மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சீசன், ஆர்டர் என்று கம்பெனியில் வைத்தார்கள். அவள் இருந்த அறைதான் முதலில் வெடித்துப் போனது.

மனைவி பொன்னுத்தங்கத்திடம், நீ தொட்டாயா என்று கேட்டார். அந்த மூலையைத் தான் கூட்டிப் பெருக்கக்கூட இல்லை என்று சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு ஆட்டை நகர்த்தி வைத்தார். மறுநாள் காலை புலி பதில் சொல்லியிருந்தது. அதற்கு மறுநாளும்.

புலி பதில் ஆடுவதை அவளிடம் அவர் சொல்லவில்லை. தட்டில் விழுந்த இட்லியைத் தின்றார், இன்னும் ரெண்டு கேட்டார். பொன்னுத்தங்கம் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வைத்தாள். அச்சாபீஸில் பட்டாசுப் பெட்டி லேபிள்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அவர் மனசுக்குள் அந்த முக்கோணமும் கோடுகளும்தான் ஓடின. அவள் அடுத்து எங்கே வருவாள்? எந்த ஆட்டைக் குறி வைப்பாள்? மகளின் ஆட்டம் அவருக்கு மனப்பாடம். பக்கத்தில் ஆடு, அதைத் தாண்டி அடுத்த முனை காலி என்றால் போதும், பாய்ந்து வெட்டிவிடுவாள். கொஞ்சம் யோசித்து ஆடேன் என்றால், "கெடைச்ச ஆட்டை விட்டுட்டு யோசிக்க, நான் என்ன கணக்கு வாத்தியாரா?" என்று சிரிப்பாள்.

அவர் ஒரு ஆட்டை அப்படி இரையாக வைத்தார். புலி வெட்டவில்லை. இன்னொன்றை வைத்தார். அதையும் வெட்டவில்லை. மூன்றாம் நாள், பக்கத்தில் ரெண்டு ஆடு வாகாக நிற்க, புலி பின்வாங்கி, தானாக மூலைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார் முனியராஜ். புலி தோற்கப் பார்க்கிறது. பிள்ளை வீட்டுக்கு வரப் பார்க்கிறாள்.

வெறி பிடித்தவர் போல ஆடினார். ஒரு புலி அடைபட்டது. ரெண்டாவதும் அடைபட்டது. அன்று சிவகாசிப் பஸ்ஸில், ஜன்னலோரம், வழி நெடுக அடித்த கந்தக வாடையில்தான் அந்த நினைப்பு வந்தது.

வருவது எது?

அன்று ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்ததை அவர்தான் இரண்டு கையிலும் ஏந்தினார். கனமே இல்லை. ஒரு வீட்டில் ஒரு வாரத்தில் துவைக்கப் போடும் துணிகூட அதைவிடக் கனக்கும். பொன்னுத்தங்கம் அவிழ்க்க வந்தபோது தடுத்தார். முழுசாகத்தான் இருக்கிறாள், தூங்குகிற மாதிரிதான் இருக்கிறாள், முகத்தில் ஒரு கீறல் இல்லை என்று சொன்னார். அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டுதான் அவள் இன்னும் உயிரோடு நடமாடுகிறாள்.

மறுநாள் முதல் அவர் தோற்பதற்கு ஆடினார்.

அடைத்த ஆட்டை விலக்கினார். புலி வெளியே வரவில்லை. வேறொரு ஆட்டைக் கொண்டுபோய்ப் புலியின் வாயிலேயே வைத்தார். புலி சுற்றிக்கொண்டு போனது. அவர் எதைத் திறந்து விடுவார் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர் நினைத்து முடிக்குமுன் அது நினைத்தது. அவ்வளவு பொறுமை. அவ்வளவு நிதானம். இசைவாணி ஒருநாளும் அப்படி ஆடியதில்லை.

சனிக்கிழமை மூன்று புலிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முனைதான் காலி. ஒரே ஒரு ஆடு நகர்ந்தால் முடிந்தது. அவர் அந்த ஆட்டைத் தொடவில்லை. தொலைவில் கிடந்த வேறொன்றைத் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையில் புலி நகராமல் அப்படியே காத்திருக்க, கட்டத்துக்கு எதிரே காவல் உட்கார்ந்தார். மத்தியானம் தகரக் கூரையின் வெக்கை இறங்கியது. பல நாள் தூங்காத கண். ஒரு நொடி.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருமுனையில் வேன் ஹாரன். ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது.

கட்டத்தைப் பார்த்தார்.

காலி முனையில் புளியங்கொட்டை.

பொன்னுத்தங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றாள். தலை சீவியிருந்தாள். ஐம்பத்தாறு நாளில் முதல் தடவை.

"தங்கம், என்ன செஞ்ச?"

"அடைச்சிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "ரெண்டு பேரும் ஆடுறதை நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நாலு நாளா வேணுமின்னே ஆட்டை வெலக்கி வெலக்கி வைக்கிறீக. எம்புள்ளை வீட்டுக்கு வாறதுல ஒங்களுக்கு என்ன சங்கடம்?"

சொல்லிவிடலாம். துணிக்குள் என்ன இருந்தது என்று இப்போதாவது சொல்லிவிடலாம்.

கொல்லையில் கொலுசுச் சத்தம்.

மருந்து வேலை முடித்து வருகிற பிள்ளைகளை யாரும் அப்படியே உள்ளே விடுவதில்லை. கொல்லையில் நிறுத்தி, உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றி, உடம்பில் அப்பிய அலுமினியப் பவுடரைக் கழுவிய பிறகுதான் வீடு. பொன்னுத்தங்கம் வாளியோடு இறங்கிப் போனாள்.

மதில் ஓரமாக நின்றிருந்தது.

தலை முதல் கால் வரை வெள்ளி. பின்னல் வெள்ளி. இமை வெள்ளி. இசைவாணியின் உயரம், இசைவாணி நிற்கிற சாய்வு. மங்கின வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, உள்ளே விடச் சொல்லிக் காத்திருந்தது.

முதல் செம்புத் தண்ணீரில் கூந்தலின் வெள்ளி ஓடியது.

ஓடிய இடத்தில் பின்னால் இருந்த மதிலின் செங்கல் தெரிந்தது.

"ஊத்தாத, தங்கம்."

அடுத்த செம்பு. நெற்றி இல்லை. கன்னம் இல்லை. செங்கல்.

பொன்னுத்தங்கம் மறுபடி மொண்டாள். சிந்தாமல், மெதுவாக, பிள்ளைக்கு ஊற்றுகிற பதத்தில். அவள் உதடு நடுங்கியது. ஆனால் கை நிற்கவில்லை.

"கண்ணை மூடிக்கோத்தா, எரியும்" என்றாள், முகம் இருந்த இடத்தைப் பார்த்து.