ஊட்டாமல் வளர்ந்தது

திங்கள் காலை ஆய்வகத்துக் கதவைத் திறந்ததுமே அவளுக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடுமே, அந்தச் சத்தம். மூன்றாம் தட்டிலிருந்து வந்தது.

சிப்பி தன் ஓட்டை வளர்த்துக்கொள்வதுபோல, புரதக் கூழின்மேல் சுண்ணாம்புச் சத்து கலந்த நீரை ஊற்றி எலும்பு வளர்ப்பது அவள் வேலை. மூன்றாம் தட்டில் மட்டும், அவசரத்துக்குப் புரதம் கிடைக்காமல், தன் ரத்தத்திலிருந்து பிரித்ததைக் கலந்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமையே நீரை வடித்துவிட்டாள். காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டிய கூழ், விரல் கனத்துக்கு வெள்ளையாகத் தடித்திருந்தது.

"இதுல நீங்க தண்ணி ஊத்தினீங்களா?"

கருவிகளைப் பராமரிக்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். "நான் ஏன் மேடம் கை வைக்கப்போறேன்? காத்துல இருக்குற ஈரத்தை இழுத்திருக்கும்."

"ஈரம் சரி. சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு?"

"படிச்சவங்க நீங்க, என்னைக் கேட்டா?" சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்.

மாலைவரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பல் மருத்துவர் பல்லை ராவும்போது எழுகிற கருகல் வாசனை அறையெங்கும் நிறைந்திருக்க, ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவள் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று லேசாகிக்கொண்டே போவதுபோல் இருந்தது. பிஸ்கட்டைக் கடித்தாள். நறநறவென்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், கடைவாய்ப்பல். வலியே இல்லை. சாக்பீஸ்போல் பொடிந்திருந்தது.

கைபேசி அடித்தது. கணவன்.

"எப்ப வர்றே? பாப்பா கேட்டுட்டே இருக்கா."

"இதோ, கிளம்பிட்டேன்."

"ஏன் பேச்சு குழறுது?"

அழைப்பைத் துண்டித்தாள். அமிலப் புட்டியை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். நுரைத்தது. கரைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள்,

டிக். டிக். டிக்டிக்டிக்.

கரைந்ததெல்லாம் திரும்ப வளர்ந்தது. இருமடங்காக.

புட்டி நழுவியது. அவள் முன்கை நடுவில் மடிந்து, ஈரத் துணியாகத் தொங்கியது. கால்கள் துவண்டன. விழுந்தாள். தொப்பென்று. எலும்பு தரையில் மோதும் சத்தமில்லை.

கத்த முயன்றாள். தாடை இறுகவில்லை. கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது.

மேலே, தட்டின் விளிம்பை ஐந்து வெள்ளை விரல்கள் பற்றின. சதையில்லை. கணுக்கள் மட்டும். சிறுவயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்துபோன அவள் சுண்டுவிரலைப் போலவே, அந்தச் சுண்டுவிரலும் வளைந்திருந்தது.