கொல்லைக்குப் போனவன்

போன் அடித்தது.

மேகலா பதறிப் போய் சைக்கிள் பையைத் திறந்தாள். அடித்தது அவளுடைய போன் இல்லை... ஜெயப்பிரகாஷின் போன். திரையில் 'அக்கா' என்று மின்னியது.

எடுக்கலாமா? வேண்டாமா?

மீன்சுருட்டிக்கு முன்னால் இருந்த அந்த பஸ் நிழற்குடையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. போன் விடுவதாயில்லை. எடுத்தாள்.

"தம்பி, கொல்லைக்குப் போயிட்டியா?" ஒரு பெண் குரல்.

"அவரு இல்லீங்க. போன் மட்டும் என்கிட்ட இருக்கு."

"யாரும்மா நீ? சரி, யாரா இருந்தா என்ன. தம்பி கொல்லைக்குப் போயிருச்சா, இல்லையா?"

மேகலா கும்பகோணத்துப் பெண். அந்த ஊரில் ஒருவர் கொல்லைக்குப் போனால் எதற்குப் போகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொம்பை எடுத்து நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. மனிதருக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லைதான். அதற்காக அக்கா போன் போட்டா விசாரிப்பாள்?

"போ... போயிருக்காருங்க."

"எப்ப போனான்?"

"ரொம்ப நேரமாச்சுங்க."

"நல்லது. அவசரப்படாம பொறுமையா பேசிட்டு வரட்டும்."

கட்.

பேசிட்டா...? அங்கே போய் யாரிடம் பேசுவது?

என்ன குடும்பமோ! இந்தப் பேச்சை அவரிடம் மூச்சு விடுவதில்லை என்று மேகலா முடிவு செய்தாள்.

பெங்களூரிலிருந்து அம்மா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போய்விடுவது என்று கிளம்பியவள் அவள். வழியில் எத்தனையோ முகங்கள். ஆனால் ஜெயப்பிரகாஷ் மாதிரி ஒருவர் கிடைப்பார் என்று அவள் நினைக்கவில்லை. நேற்று பெரம்பலூரில் டயர் பஞ்சராகி அவள் நடுரோட்டில் விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே பைகள் கட்டிய சைக்கிளில் வந்து இறங்கினான்.

"நகருங்க, நான் பாக்கறேன். நமக்குக் கோயமுத்தூருங்க. வேளாங்கண்ணி வரைக்கும் சைக்கிள்தானுங்க. இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க."

ஒட்டு போட்டான். அவள் பம்பை வாங்கிக் காற்றடித்துக் கொடுத்தான். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் சீறிக்கொண்டு வந்தபோது, தான் லாரிப் பக்கம் ஓட்டி அவளை ஓரமாக வரவைத்தான். அரியலூர் வருவதற்குள் 'தங்கச்சி' ஆகிவிட்டாள். கூடப் பிறந்தவன் இல்லாத மேகலாவுக்கு மனசு நிறைந்து போனது.

இன்று காலை ஜெயங்கொண்டத்தில்தான் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"வயித்தக் கலக்குது தங்கச்சி. நீங்க முன்னால போங்க. மீன்சுருட்டிக்கு முன்னால ஒரு பஸ் ஸ்டாப் வரும், கூட்டமே இருக்காது. அங்க இருங்க, வந்துடறேன்."

இந்தப் பக்கம் வந்ததே இல்லாதவனுக்கு அது எப்படித் தெரியும்? கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. பாசம் வந்தால் புத்தி பரணில் ஏறிவிடும்!

"உங்க போன்ல சார்ஜ் இல்லைங்களே? என் பவர் பேங்க்ல போட்டு எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் என்னோடத வச்சுக்கங்க. அட, தூறல் வேற... என் மழைக்கோட்டை ஆத்தூர் லாட்ஜ்லயே மறந்துட்டேனுங்க."

"வயிறு சரியில்லாத ஆளு நனையக் கூடாது. இந்தாங்க அண்ணே." தன் சிவப்பு மழைக்கோட்டை அவளே கழற்றிக் கொடுத்தாள்.

அவளே!

இப்போது ஜெயப்பிரகாஷ் வந்துகொண்டிருந்தான். முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தான். கோட்டைச் சுருட்டி அவள் பையில் அவனே வைத்தான். போன்கள் கை மாறின.

"யாராச்சும் கூப்பிட்டாங்களா தங்கச்சி?"

அதை எந்த வாயால் சொல்வது?

"இல்லண்ணே," என்றாள்.

அடுத்த நிமிடம் ஒரு போலீஸ் ஜீப் வந்து அவர்கள் முன்னால் நின்றது.

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி இறங்கினாள். பின்னாலேயே ஏட்டு வெள்ளைச்சாமி.

"ரெண்டு பேரும் எங்கேருந்து வரீங்க?"

"நான் பெங்களூருங்க மேடம், அண்ணன் கோயமுத்தூரு. என்ன விஷயம்?" என்றாள் மேகலா.

"இங்க உள்ளாற முந்திரி மரத்தடில ஒரு பெரியவர அடிச்சுப் போட்டிருக்காங்க. செல்லப்பன்னு பேரு. உசுரு போயிருச்சு. ஆடு மேய்க்கிற அம்மா பாத்திருக்கு. சைக்கிள்ல வந்த ஆளாம், மூஞ்சில துணியாம். சிவப்பு மழைக்கோட்டாம். ஏட்டய்யா, பைய பாருங்க."

வெள்ளைச்சாமி கோட்டை வெளியே இழுத்தார்.

கோட்டின் கை முழுக்க ரத்தம்!

இன்ஸ்பெக்டர் மேகலாவின் போனை வாங்கிப் பார்த்தாள். போன பாதையை எல்லாம் கோடு போட்டு வைக்கிற ஆப், சைக்கிள்காரர்கள் எல்லாரும் வைத்திருப்பது. அந்தக் கோடு ரோட்டை விட்டு விலகி, நேராக முந்திரித் தோப்புக்குள் போய்த் திரும்பியிருந்தது.

"அண்ணே, சொல்லுங்க. கோட்டும் போனும் உங்ககிட்டதானே இருந்துச்சு?"

ஜெயப்பிரகாஷ் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

"என்னங்க இது அநியாயம்? மேடம், இவங்கள நேத்துதானுங்க ரோட்டுல பாத்தேன். காலைல தனியா எங்கியோ போயிட்டு இப்பத்தான் வந்தாங்க. நான் இங்கியேதான் உக்காந்திருந்தேன். வேணும்னா என் போனைப் பாத்துக்கங்க."

பார்த்தார்கள். அவன் போனின் கோடு ஜெயங்கொண்டத்திலிருந்து நேராக நிழற்குடைக்கு வந்து நின்றிருந்தது. வளைவு இல்லை, நெளிவு இல்லை.

மேகலாவுக்கு எல்லாம் புரிந்தது. பஞ்சர், லாரி, தங்கச்சி... அத்தனையும் வேஷம். அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு ஒட்டுக்கும் ஒரு வார்த்தைக்கும் மயங்கிப் போய்த் தூக்குக் கயிற்றைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டாளே!

"ஜீப்புல ஏறும்மா," என்றாள் இன்ஸ்பெக்டர்.

மானம் பெரிதா, உயிர் பெரிதா?

"மேடம்... இவரு போனு என்கிட்டதான் இருந்துச்சு. இவங்க அக்கா கூப்பிட்டாங்க. நான்தான் பேசினேன்."

ஜெயப்பிரகாஷின் கண் ஒரு கணம் துடித்தது. பேசி முடித்த அழைப்புக்குத் திரையில் அறிவிப்பு எதுவும் நிற்காதே... அவன் பார்க்கவில்லை!

"பொய்யிங்க. நான்தான் அக்காகூடப் பேசினேன்."

"என்ன கேட்டாங்க?" இன்ஸ்பெக்டர் மேகலாவிடம்தான் கேட்டாள்.

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். "இவரு... கொல்லைக்குப் போயிட்டாரான்னு கேட்டாங்க. வயிறு சரியில்லைல்ல, அதான்..."

புவனேஸ்வரி அப்படியே நின்றாள்.

"கொல்லைக்கா?" மெதுவாக ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினாள். "கோயமுத்தூர்க்காரருக்கு இங்க ஏது சார் கொல்லை?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் போனிலிருந்தே 'அக்கா'வை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ..."

"முன்னாடி பேசுன பொண்ணுதானே? நான் சிந்தாமணி பேசறேன். தம்பி கொல்லையிலேருந்து வந்துட்டானா?"

"வந்துட்டாருக்கா. பெரியவர்கிட்ட பேசிட்டாராம்," என்று அந்தப் பெண்ணாகவே பேசினாள் இன்ஸ்பெக்டர்.

"அப்பாடா. முந்திரிக் கொல்லையப் பாகம் பிரிச்சுத் தர மாட்டேன்னு பெரியப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. தம்பி கோவிச்சுக்கிட்டுக் கோயமுத்தூர் போயிருச்சு. இப்பத்தான் சமாதானமாப் பேசறேன்னு சொல்லிச்சு. அவரு கொல்லையில தனியாத்தான் இருப்பாருன்னு நான்தான் சொன்னேன்."

"பெரியப்பா பேரு என்னக்கா?"

"செல்லப்பன். ஏன், தம்பி சொல்லலியா?"

ஜெயப்பிரகாஷ் சைக்கிளில் தாவி ஏறினான். பெடலை மிதித்தான்.

மேகலா பம்பை உருவி அவன் சக்கரத்தில் செருகினாள். நேற்று அவன் காற்றடித்துக் கொடுத்த அதே பம்ப். ஆள் குப்புற விழுந்தான். வெள்ளைச்சாமி முதுகில் முழங்காலை ஊன்றினார்.

"அடியே... உன்ன வுட மாட்டேன்டி!" விழுந்ததில் கோயமுத்தூர் பாஷை எங்கோ தெறித்துப் போயிருந்தது.

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். மேகலா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதுதான் அழுகை வந்தது.

"தங்கச்சின்னு கூப்பிட்டான் மேடம். நம்பிட்டேன்."

"கூடப் பொறந்த அக்காவையே ஏமாத்தி, பெரியவர் இருக்கிற இடத்தக் கேட்டுக்கிட்டவன். நீ எம்மாத்திரம்? கண்ணத் தொடைச்சுக்க." புவனேஸ்வரி அவள் தோளைத் தட்டினாள். "அது சரி, கொல்லைன்னதும் ஏன் அப்படித் தலையக் குனிஞ்ச? எங்க பக்கம் முந்திரி, சோளம் போட்டிருக்கிற காட்டத்தான் கொல்லைன்னு சொல்லுவோம். உங்க ஊர்ல என்ன?"

மேகலா அவள் காதில் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆக மொத்தம், ரெண்டு ஊரு அர்த்தத்துலயும் அவன் பொழப்பு நாறிப் போச்சுன்னு சொல்லு!"