மஞ்சள் வாய்க்குழல்

ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அந்தச் சத்தம் வந்தது. சப்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். 'திருக்கை இங்கே அவசரப்படுவதில்லை' என்று கணவனின் குரல் சொல்லி முடித்தது. சப். பதினோரு வருஷமாக மற்றவர்களின் எச்சில் சத்தத்தைத் துடைத்தெடுப்பதுதான் அவள் பிழைப்பு. உதடு ஒட்டிப் பிரிவது, நாக்கு பல்லில் இடறுவது, காபி குடித்துவிட்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தவனின் பிசுபிசுப்பு, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். இது அதில் எதுவுமில்லை. ஈரமான ஒன்று, ஈரமான இன்னொன்றை விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொள்கிற சத்தம். கேட்டதும் அவள் வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

மணி மூன்றுதான். வெளியே நல்ல வெயில், எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜைக்கு எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம், பழைய மெத்தைகளைச் சுவரில் அறைந்து அவர்களே கட்டிக்கொண்ட ஒலிப்பதிவு அறை. அதன் உள்பக்கக் கைப்பிடி போன மாதம் கழன்றதிலிருந்து, வெளியே இருக்கும் தாழ்ப்பாளை அவள் நீக்கினால்தான் உள்ளே இருப்பவன் வெளியே வர முடியும். அவன் மைக் முன்னால் உட்கார்ந்து வசனத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்து சிரித்தான். உதடு பிரியாத சிரிப்பு.

அவன் அந்த நாற்காலியில் உட்கார்வதே புதுசு. சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய். 'க' வந்தால் போதும், கழுத்து நரம்பு புடைக்க நின்றுவிடுவான். அவள் பெயர் ஆரம்பிப்பதே அந்த எழுத்தில்தான். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு 'அம்மணி' என்று பெயர், அதையும் 'அ... அ... அம்மணி' என்று மூன்று தவணையில்தான் கூப்பிடுவான். சொல்ல வராததைத் துண்டுச் சீட்டில் எழுதி அவள் கம்ப்யூட்டரில் ஒட்டிவைப்பான். தண்ணீருக்குள் மட்டும் அந்தத் தொல்லை இல்லை, அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போ. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ கோளாறு, ஆட்டிவிட்டு எதைத் தொடுகிறோமோ அதில்தான் கோளாறு. "க... க... கடலுக்கு அடியில நான் வ... வக்கீல் மாதிரி பேசுவேன்" என்று சொல்ல அவனுக்கு அரை நிமிஷம் ஆகும், சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். சுறா, திருக்கை என்று பவளப்பாறை உயிர்களைப் படமெடுப்பது அவர்கள் தொழில். அவன் கேமரா. அவள் தண்ணீருக்குள் அவனுக்கு ஜோடி, கரையில் ஒலியும் எடிட்டிங்கும். குரலுக்கு மட்டும் எப்போதும் வெளியாள்.

கடைசிப் படப்பிடிப்பு முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலையில், படுக்கையில் உட்கார்ந்தபடி அவன், "கண்ணு, காபி கிடைக்குமா?" என்றான். மூன்று 'க'. ஒரு தடங்கல் இல்லை.

அவள் அழுதேவிட்டாள். மாமியார் போனில், "என் புள்ள பேசுறான்! ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத, கண்ணு பட்டுடப் போகுது" என்று சொல்லிவிட்டு, தானே ஊரெல்லாம் சொன்னார். தயாரிப்பாளர் வெளிக்குரல்காரரை நிறுத்திவிட்டு, இவனையே பேசச் சொல்லிவிட்டார். அவளும் அவன் தோளில் சாய்ந்து, "நீ இப்படி பேசறது எனக்கு எவ்ளோ பிடிச்சிருக்கு தெரியுமா?" என்றாள். அப்போது அவன் உடம்பு ஒரு முறை விறைத்ததை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றதையெல்லாம் அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு ஒதுக்கிவைத்தாள்.

முதல் இரண்டு நாளும் வாஷ்பேசினில் ரத்தம். ஈறு வீங்கியிருக்கிறது என்று சீட்டு எழுதியிருந்தான். அதுதான் அவன் ஒட்டிய கடைசிச் சீட்டு. பேச ஆரம்பித்த மறுநாள் பேசின் அடைத்துக்கொண்டது. சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் கட்டைவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத் துண்டு ஒன்று, மழையில் ஊறிப்போன செருப்பு வார் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பாக. சமையலறை இறைச்சி எப்படியோ இங்கே வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காகிதத்தில் சுற்றி எறிந்துவிட்டு மூன்று தடவை கை கழுவினாள். பிறகு வாடை. கடைகளை மூடிய பிறகு மீன் மார்க்கெட் தரையில் தேங்கி நிற்கும் தண்ணீரின் வாடை, தலையணையில், துண்டில், அவன் குடித்து வைத்த டம்ளரின் விளிம்பில். தலையணை உறையில் தினமும் காலையில் வெள்ளையாக உப்புக் கோடு. அவன் மெல்லுவதை விட்டுவிட்டான். எதைக் கொடுத்தாலும் வாயில் வாங்கிக்கொண்டு அசையாமல் காத்திருப்பான், கன்னத்துக்குள் ஏதோ தானாகப் புரளும், அதன் பிறகுதான் விழுங்குவான். ஒருநாள் டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் உப்பைக் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்தாள். "தொண்டைக்கு நல்லது, கண்ணு" என்றது குரல், தேன் மாதிரி. அன்று முத்தம் கொடுக்க வந்தவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிய புருஷனைப் பார்த்து அருவருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அருவருப்பு மட்டும் போகவில்லை.

பேனாவை எடுத்தாலே இப்போதெல்லாம் தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கீழே வைத்துவிடுகிறான். "பல்வலிதான், ஒண்ணுமில்ல" என்று குரல் மட்டும் குஷியாக வரும். சாப்பாட்டு மேஜையில் அவன் கை சும்மா இருப்பதில்லை. மேஜையை ஒட்டி ஒரு ஆட்டம், பிறகு தாடியைச் சொறிவது போல ஒரு தொடல். "பேச்சு வந்ததும் கை சேட்டை ஆரம்பிச்சிடுச்சா?" என்று அவள் கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வரிக்குப் படம் பொருத்த வேண்டும். கடைசி டைவின் காட்சியைத் திறந்தாள். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு, டைவர்கள் அதை 'சலூன்' என்பார்கள். பெரிய மீன்கள் அங்கே வந்து வாயைப் பிளந்துகொண்டு முறைக்காகக் காத்திருக்கும். விரலளவு நீல மீன்கள் உள்ளே புகுந்து, செவுளையும் பல்லிடுக்கையும் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வரும். திரையில் இரண்டு சுறாக்கள் பாறைக்கடியில் படுத்திருந்தன. ஓரமாக ஒரு கிழட்டுக் களவா மீன் வாயைப் பிளந்தபடி நின்றது. நீல மீன்கள் ஒன்றுகூட அதன் பக்கம் போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிப்போன, வரிவரியான ஏதோ ஒன்று. அதன் முன்பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவை கேமராவைப் பார்த்தன.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். போன படத்தில் அதற்காக இருபது விநாடி ஒதுக்கி அவளே வசனம் எழுதினாள். மீனின் நாக்கைக் கவ்விப் பிடித்து ரத்தத்தைக் குடிக்கிற பூச்சி. நாக்கு வற்றி உதிர்ந்ததும் அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு மீனுக்கு அதுதான் நாக்கு. அது மீனுக்கு வருவது. மீனுக்கு மட்டும்தான்.

பேசின் சல்லடை ஞாபகம் வந்தது. அந்தச் சொரசொரப்பு.

தன் தலையில் மாட்டியிருந்த சின்னக் கேமராவின் பதிவைத் திறந்தாள். அதில் கணவன் மணலில் மண்டியிட்டுத் திருக்கைக்காகக் காத்திருந்தான். ஒவ்வொரு டைவருக்கும் மூச்சுவிட இரண்டு வாய்க்குழல்கள் உண்டு. ஒன்று வாயில் இருக்கும், அவசரத்துக்கான மஞ்சள் நெஞ்சில் கொக்கியில் தொங்கும். அவனுடைய மஞ்சள் கொக்கியிலிருந்து நழுவி, களவா மீனுக்கு நேர் கீழே, மணலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஜோடியின் மஞ்சள் நழுவினால் பார்த்தவர் எடுத்து மாட்டிவிட வேண்டும். முதல் நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது.

அவள் பார்த்திருந்தாள். அப்போதே பார்த்திருந்தாள். மூன்று நாள் காத்திருந்த திருக்கை லென்ஸுக்கு நேராக வந்துகொண்டிருந்தது, காலில் மாட்டிய துடுப்பை அவள் லேசாக அசைத்தாலும் அது திரும்பிப் போய்விடும். அதனால் அசையவில்லை.

திரையில் களவா மீன் இருமியது. அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒன்று மிதந்து வந்து, மஞ்சளுக்குள் இறங்கியது.

ஆறு நிமிஷம் கழித்து அவன் வாயிலிருந்த குழல் கசிய ஆரம்பித்தது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், மணலைக்கூடத் தட்டாமல், மஞ்சளை எடுத்துக் கடித்துக்கொண்டான். முகக் கண்ணாடிக்குள் அவன் கண்கள் விரிந்தன. அவள் பக்கம் திரும்பினான். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டினான். தாடையைத் தொட்டான்.

திரைக்குள் அவள் கை நீண்டு வந்தது. திருக்கையைக் காட்டியது. முதலில் அதைப் படம் பிடி, அப்புறம் பார்க்கலாம்.

சாப்பாட்டு மேஜை. தட்டையான உள்ளங்கை. பன்னிரண்டு நாள், மூன்று வேளையும்.

ஒலிப்பதிவுக்குத் திரும்பினாள். வார்த்தைகளையெல்லாம் வெட்டி எறிந்தாள். வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த வெறும் இடைவெளிகளை மட்டும் ஒட்டிச் சேர்த்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். சப். சப். அதற்கும் பின்னால், ரொம்பக் கீழே, தொண்டைக் குழிக்குள் இருந்து இன்னொன்று.

'அ... அ... அம்...'

சப்.

'அ... அ...'

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தலை நிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வசனத்தாளின் மேல் அவன் உள்ளங்கை, தட்டையாக, ஆடிக்கொண்டிருந்தது. அவன் வாய்க்குள் இருப்பதற்குப் பேனா என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. இந்தக் கைச்சைகை தெரியவில்லை. அவன் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது, ஸ்பீக்கரில் குரல் சிரித்தது.

"என்ன கண்ணு, அடுத்த பக்கம் போலாமா?"

அவள் தன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"வாயத் திற."

"எதுக்கு கண்ணு? கதவத் திற. கிட்ட வந்து காட்டறேன்."

அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள். உள்ளே இருப்பது அவள் புருஷன். பிடுங்கி எடுக்கலாம், இடுக்கி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்தத் தடவை காக்க வைக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி. அவனும் எழுந்து கண்ணாடியோரம் வந்தான். மேலே விளக்கு பளீரென்று எரிந்தது. அவன் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து, கீழே இழுத்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றும் முதலில் அந்த மீன் வாடைதான் ஞாபகம் வந்தது.

வாய் நிறைய அது. கொழுத்து, வெளிறி, வரிவரியாக. நாக்கின் அடிக்கட்டையில் கொக்கிக் கால்களை ஒவ்வொன்றாகப் பதித்திருந்தது. ஒரு காலை எடுத்தது, மறுபடி பதித்தது. சப். அதன் அடிவயிற்றில் மெல்லிய பை. பைக்குள் அரிசி மணிகள். நிறைய. எல்லாம் நெளிந்தன. இரண்டு கறுப்புக் கண்கள் விளக்கைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்த்தன.

பிளந்த வாய் அசையவில்லை. உதடு அசையவில்லை.

"கதவத் திற, கண்ணு."

கீழே தொண்டையில், "அ... அ... அம்..."

அவன் தாடையை விட்டான். வலது கையைக் கண்ணாடியில் வைத்தான். கட்டைவிரல் உயர்ந்தது. மேலே போ. என்னை விட்டுவிட்டு மேலே போ. அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன். கட்டைவிரல் கண்ணாடியைக் குத்தியது. போ. போ.

பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, கடித்தான்.

நண்டு ஓடு நொறுங்குகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. உதட்டோரம் ரத்தம் வழிந்தது. அதோடு வந்த வெள்ளைத் துணுக்குகள் கண்ணாடியில் பட்டு, மெதுவாக மேலே ஊர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. அவன் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றான், விரல் இன்னும் உயர்ந்தே இருந்தது.

தாழ்ப்பாளில் அவள் கை. இறுக மூடிய பற்களுக்குள்ளிருந்து, இத்தனை வருஷத்தில் அவனால் ஒரு தடவைகூடச் சொல்ல முடியாத அவள் பெயரை, திக்காமல், முழுசாக, அந்தக் குரல் கூப்பிட்டது.