மூடிய தெருவில் ஓடிய வண்டிகள்

தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றபோதே ஏதோ பெரிய விஷயம் என்று கிளச்சுக்குப் புரிந்துவிட்டது. கடையை விட்டு வெளியே வந்தால் நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவார் அவர்.

கிளச் என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். பக்கத்தில் உட்கார்ந்து "கிளச்! கிளச்!" என்று அவன் போடும் கூச்சலில் தெருக்காரர்கள் அவனுடைய சொந்தப் பெயரையே மறந்துவிட்டார்கள்.

"உங்க அண்ணி இருக்காங்களா தம்பி? நகரத் திட்ட ஆபீஸ்காரங்க வந்து என் கடைச் சுவத்துல செகப்புக் கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க."

அண்ணி காபி டம்ளரோடு வந்தாள். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இழப்பீடு கேட்பவர் சொல்வது நிஜமா புளுகா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவள் வேலை. ஒரு பம்பர் நசுங்கலைப் பார்த்தே, மரத்தில் மோதியதா மாமனார் வீட்டுக் கேட்டில் மோதியதா என்று சொல்லிவிடுவாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"உக்காருங்க. என்ன கோடு?"

"ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். ரெண்டு பக்கமும் முன் ரூம் வரைக்கும் இடிக்கணுமாம். என் மெஷினுக்குப் பின்னாடி கோடு போட்டிருக்காங்க. அந்த ரூம் போச்சுன்னா எனக்குக் கடையும் கெடையாது, சோறும் கெடையாது. இன்னிக்குச் சாயங்காலம் சங்கத்துல கூட்டம். நகரத் திட்ட எஞ்சினியர் வர்றாரு. சரியான காரணம் சொல்லலைன்னா அப்படியே முடிவாயிடுமாம்."

"எதுக்கு அகலப்படுத்தணுமாம்?"

"நெரிசலாம்! மெஷின் வச்சு எண்ணினாங்களாம். வண்டி வந்துக்கிட்டே இருக்காம், ஒண்ணும் நகர முடியாம ஊர்ந்து போகுதாம். நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தெருவைப் பாத்துக்கிட்டுத்தானே தைக்கிறேன்? தம்பியோட கத்துக்கிற காரு, பள்ளிக்கூட வேன், பால் வண்டி, டாக்டர் ஐயா ஸ்கூட்டர், எப்பவாவது பறந்து போற ரெண்டு பைக்கு. இதுல எங்கேயிருந்து நெரிசல் வந்துச்சு?"

கிளச்சின் ரத்தம் கொதித்தது. குடியிருப்போர் சங்கத்தின் பாதுகாப்புக் குழுப் பொறுப்பாளர் அவன்தான். பைக்குகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன, வேகத்தடை போடுங்கள் என்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவனும் அவனே. முதலில் வண்டிகளை எண்ணிப் பார்க்கிறோம் என்று நகரத் திட்ட அலுவலகம் சொன்னபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டியிருந்தான். வேகத்தடை கேட்டால் வீட்டை இடிக்க வருகிறார்களே!

"யாரோ விளையாடியிருக்காங்க அண்ணி. எனக்கு ரெண்டு பேர் மேல சந்தேகம்."

"காபிய முதல்ல குடி" என்றாள் அண்ணி.

சந்தேகம் வந்துவிட்டால் அவனுக்குக் காபி இறங்காது. சங்கத் தலைவரான பல் டாக்டரின் வீடு நன்றாக உள்தள்ளிக் கட்டியது. ரோடு அகலமானால் அவருக்கு ஒரு செங்கல்கூடப் போகாது, மதிப்புதான் ஏறும். வீட்டுத் தரகரோ ஒரு மாதமாக யார் யாரையோ கூட்டிவந்து தெருவைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். இருவரில் ஒருவர், அல்லது இருவரும் கூட்டு.

அண்ணி நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து எஞ்சினியரிடம் நிதானமாகப் பேசினாள். எண்ணியது எந்த வாரம் என்று மட்டும் கிளச்சுக்குக் கேட்டது. பொறுமை இல்லாமல் அவன் தெருவில் இறங்கி விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தான். எந்தக் கம்பத்தில் கேமரா வைத்திருப்பார்கள்? அதன் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் காட்டியவன் யார்?

அண்ணி வந்து சேர்ந்தாள். "தம்பி, குடிதண்ணிக் குழாய் மாத்தினாங்களே, அந்த வாரம்தான் எண்ணியிருக்காங்க."

கிளச் நின்றுவிட்டான். "அந்த வாரமா? தெருவோட ரெண்டு முனையிலும் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தாங்களே அண்ணி! ஈ, காக்கா உள்ள வரலை. எனக்குத்தான் கொண்டாட்டம். ரிவர்ஸ் வராத பசங்களுக்கெல்லாம் அந்த வாரம்தான் ரிவர்ஸ் வந்துச்சு. குழாய்க்காரங்க கறுப்பா ரெண்டு ரப்பர் குழாயைத் தெருவுக்குக் குறுக்கே விட்டுட்டுப் போயிருந்தாங்க, கோடு போட்ட மாதிரி. அதைத் தாண்டி நிறுத்து, திரும்பி வான்னு சொல்லிக்கொடுக்க வசதியா இருந்துச்சு."

அண்ணி அவனையே பார்த்தாள். "அது குழாய்க்காரங்க போட்டதா?"

"பின்ன?" என்றவன் அதற்குள் அடுத்த விஷயத்துக்குத் தாவியிருந்தான். "அண்ணி! தெரு மூடியிருந்துச்சுன்னா வெளிவண்டி வந்திருக்க முடியாது. ஓடினது உள்ள மாட்டின வண்டி. டாக்டர் ஸ்கூட்டர் அந்த வாரம் ஒர்க்‌ஷாப்ல இருந்துச்சு, நான்தான் கொண்டுபோய் விட்டேன். மிச்சம் தரகரோட கார்!"

"தம்பி, ஒரு நிமிஷம் நில்லு. நான் சொல்றதக் கேளு..."

யார் நின்றார்கள்? அவன் தரகர் வீட்டுக் கேட்டுக்குள் தலையை நீட்டியிருந்தான். கார் உள்ளே இருந்தது. பின் டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. "பாத்தீங்களா? ஓட்டலைன்னு காட்ட காத்தைப் புடுங்கி விட்டிருக்கான்!" என்று கிசுகிசுத்தான். அண்ணி குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னல் வழியே தரகர் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சங்க அறைக்குள் நுழையும் முன்பும் அண்ணி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட தனியா ஒண்ணு பேசணும்." அவன் காதில் விழுந்தது. ஆனால் தரகர் முன்வரிசையில் இடம்பிடிப்பதைக் கண்டதும் கால்கள் நிற்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆளுக்கு ஆள் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தையல்கார அம்மா நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓரமாக இருந்தார். எஞ்சினியர் காலடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்து முடித்தார்.

கிளச் எழுந்தான். தெரு மூடியிருந்தது, உள்ளே இருந்த வண்டிதான் ஓடியது என்று விளக்கி, தரகரை நோக்கிக் கையை நீட்டினான். "கேமரா முன்னாடி காரை ஓட்டிக் கணக்கைக் கூட்டினது இவருதான். ரோடு பெருசானா இவருக்குத்தானே வியாபாரம்? மாட்டிக்கக் கூடாதுன்னு டயர்ல காத்தை வேற எறக்கி வச்சிருக்காரு!"

தரகர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாயை அடக்கிப் பேசுடா! ஆள் கூட்டிட்டு வந்தது என் வீட்டை விக்க. ரோடு வருதுன்னதும் வந்தவனும் ஓடிட்டான்!"

"உக்காருங்க" என்றாள் அண்ணி, இருவரையும் பார்த்து. "அவர் கார் பல மாசமா நகரலை. சக்கரத்து ஓட்டைக்குள்ள புல் நுழைஞ்சு வளந்திருக்கு, மேல சிலந்தி வலை. காத்தை ஒரு நாள்ல எறக்கலாம். புல்லை ஒரு நாள்ல வளக்க முடியாது."

அறையில் சிரிப்பு எழுந்தது. கிளச்சின் காது சூடாகியது.

"கேமரான்னு யார் சொன்னது?" எஞ்சினியர் குழப்பத்தோடு கேட்டார். "தெரு மூடியிருந்ததே எங்களுக்குத் தெரியாது. நாங்க கருவியை வச்சுட்டு வந்த மறுநாள் பள்ளம் வெட்டியிருப்பாங்க போல. அவங்க ஆபீஸ் கீழ்மாடி, எங்களோடது மேல்மாடி, பேச்சுவார்த்தை கெடையாது. ஆனா கருவி பொய் சொல்லாதுங்க. சக்கரம் ஏறியிருக்கு. ஏறினது எந்த வண்டின்னு தெரியாம அறிக்கையை என்னால தூக்கிப்போட முடியாது. மேல என்னைத்தான் கேப்பாங்க."

"கருவி என்ன சொல்லுது?" என்றாள் அண்ணி.

"எல்லா வண்டியும் நடக்குற வேகத்துல போயிருக்கு. நெரிசல்னு எழுதினது அதனாலதான்."

"எந்தப் பக்கமா?"

எஞ்சினியர் தாளைப் புரட்டினார். "விசித்திரமாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் போன அளவுக்கே அந்தப் பக்கமும். ஒண்ணு போகுது, உடனே ஒண்ணு திரும்புது. காலையிலும் சாயங்காலமும்தான். மத்தியானம் ஒண்ணுமே இல்லை."

"நெரிசல்னா மத்தியானத்துல இப்படித் தொடைச்சு வச்ச மாதிரி இருக்காது. இது பல வண்டி இல்லைங்க. ஒரே வண்டி, போய்ப் போய்த் திரும்பியிருக்கு. ஓட்டினவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. எண்ணுறாங்கன்னே தெரியாது அவருக்கு. அந்தக் கருவியை எல்லாருக்கும் காட்டுங்களேன்."

எஞ்சினியர் துணிப்பையைக் கவிழ்த்தார். மேஜைமேல் ஒரு சின்ன இரும்புப் பெட்டி விழுந்தது. அதிலிருந்து கறுப்பாக இரண்டு ரப்பர் குழாய்கள் நீண்டு, மேஜை விளிம்பில் வழிந்து தொங்கின.

"இதைத் தெருவுக்குக் குறுக்கே போட்டு ஆணி அடிச்சிடுவோம். சக்கரம் ஏறினா உள்ள இருக்கிற காத்து அழுந்தி, பெட்டி எண்ணிக்கும்."

கிளச் எட்டிப் பார்த்தான். அந்தக் குழாய்கள்மேல் அவன் மாணவர்கள் எத்தனை முறை ஏறி இறங்கினார்கள்? தாண்டி நிறுத்து. ரிவர்ஸ். மறுபடி. கிளச்!

அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் சொல்ல மாட்டாள், இப்போதைக்கு மாட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். இத்தனை பேர் முன்னால் ஒருவரைத் திருடன் என்று கைகாட்டியவன், அதே வாயால் என்னத்தைச் சொல்வான்? நாளைக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அவனிடம் அனுப்புவார்கள்? ஓரத்தில் தையல்கார அம்மா நாடாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவர் கண்கள் எஞ்சினியரின் தாளைவிட்டு அகலவில்லை. அதைப் பார்த்தபிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அது என் வண்டிதாங்க" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "குழாய்க்காரங்க விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன். அதைக் கோடா வச்சு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். காலையில ஒரு செட், சாயங்காலம் ஒரு செட். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்."

முதலில் சிரித்தது தரகர்தான். நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். தையல்கார அம்மா சிரிக்கவில்லை. "அப்ப என் ரூம்?" என்றார்.

"இதை எழுத்துல கொடுத்தாங்கன்னா அறிக்கை செல்லாதும்மா" என்றார் எஞ்சினியர். "கோட்டை அழிச்சிடலாம். மறுபடி எண்ணுறோம். இந்தத் தடவை கீழ்மாடியிலும் கேட்டுட்டு வர்றோம்."

அந்த அம்மா அப்போதுதான் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

மறுநாள் காலை கிளச் வண்டியை வெளியே எடுக்கவில்லை. பழைய துணியும் தின்னருமாகத் தையல் கடைக்குள் மண்டி போட்டுச் சிவப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுவர் வெளிறியது, கோடு அத்தனை லேசில் போகவில்லை. தையல்கார அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே, "அங்க இன்னும் இருக்கு பாரு" என்று அவ்வப்போது கை காட்டினார். போகிற வழியில் தரகர் எட்டிப் பார்த்து, டயரில் காற்றடித்துவிட்டேன், வேண்டுமானால் வந்து சோதித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்றாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"நேத்துக் காலையிலயே. தெருவுல என்னென்ன வண்டி ஓடுதுன்னு சொன்னப்போ இவங்க முதல்ல சொன்னதே உன் காரைத்தானே? ரப்பர் குழாய்னு நீயே உன் வாயால சொன்னதும் உறுதியாயிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தேன், நீ தரகர் வீட்டுக்கு ஓடிட்ட. மறுபடி சொல்ல வந்தேன், கூட்டத்துக்குள்ள ஓடிட்ட."

கிளச் துணியைப் பிழிந்தான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டான். "நான் எந்திரிச்சுச் சொல்லலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நானே சொல்லியிருப்பேன்."

"கூடப்பொறந்த தம்பி மாதிரின்னு சொல்லுவீங்களே. எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்லியிருப்பீங்களா?"

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மெஷினுக்குப் பின்னால் இன்னும் சிவப்பாகத் தெரிந்த இடத்தைப் பார்த்தாள்.

"வண்டி நம்பரையும் சேத்து" என்றாள்.